அட்மிரல்: ஒரு சொல் வந்த வழி



நம் நாட்டுக் கடற்படையின் தலைவரை ‘அட்மிரல்’ என்று வழங்குகிறோம். நாடு விடுதலை பெற்ற பின்னும் சில ஆண்டுகள் அப்படைக்கு ஆங்கிலேயரே தலைமை தாங்கி வந்தனர். 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி அப்பொறுப்பை ஏற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. பிறகு 1968-இல் ஏ. கே. சாட்டர்ஜி முழு அட்மிரல் என்னும் உயர்ந்த நிலையை எய்தினார். இச்செய்திகளைப் படிக்கும் மாணவர்களுக்கு இயல்பாக ஓர் எண்ணம் தோன்றும். அட்மிரல் என்பது ஆங்கிலச் சொல். ஆங்கிலேயர் கடலாட்சியில் வல்லவர். ஆகவே, அவர்கள் படைத்த சொல்லை அவர்கள் விட்டுச் சென்ற படையோடு சேர்த்து நாமும் ஏற்றுக்கொண்டோம் என்பதே அவ்வெண்ணம்.

இவ்வெண்ணத்தை நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் வகுப்பறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆங்கிலேயரிடமிருந்து நாம் பெற்றோம் என்பது வரையில் அது சரியே. ஆனால் ஆங்கிலேயர் அச்சொல்லைப் படைத்தார்கள் என்பது சரியன்று. அது பிறந்த இடம் அரபு நாடு. அது கடலோடு உறவு கொண்ட இடம் மத்தியதரைக் கடலின் நடுவே உள்ள சிசிலித் தீவு. பிறந்தபோது அச்சொல்லுக்கும் கடலுக்கும் எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை. நிலத்தில் பிறந்த ஒரு சொல் எவ்வாறு கடலுக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

அரபு மொழியில் ‘அமீர்’ என்றால் கட்டளை இடுபவர், தலைவர் என்று பொருள். கட்டளையைக் குறிக்கும் ‘அம்ர்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். படையை நடத்தியவர், மாகாணத்தை ஆண்டவர் ஆகியோரெல்லாம் அமீர் எனப்பட்டனர். 634 முதல் 644 வரை ஆட்சி புரிந்த கலீபா உமர், ‘அமீருல் மூமினீன்’ என்ற பட்டத்தை மேற்கொண்டார். நம்பிக்கையாளர்களின் தலைவர் என்பது அதன் பொருள். இப்பட்டத்தில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. கட்டளையிடும் அதிகாரம் ஒன்றே உண்டு.

இச்சொல் நமக்குப் புதியதன்று. சென்னை இராயப்பேட்டையில் ‘அமீர் மகால்’ என்னும் மாளிகை இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். 1855-இல் கருநாடக நவாப் பதவி முடிவுற்ற பிறகு, அக்குடும்பத்தின் தலைவருக்கு ஆங்கில அரசு ‘அமீர்-இ-ஆர்க்காடு’ என்ற பட்டத்தை வழங்கியது. அதனை ஒட்டி எழுந்த பெயரே அமீர் மகால் என்பது. அதே சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிளைவ் வாழ்ந்த மாளிகைக்கு ‘அட்மிரால்டி மாளிகை’ என்றொரு பெயரும் உண்டு. சில மைல் இடைவெளியில் நிற்கும் இவ்விரு கட்டடங்களின் பெயர்களிலும் இருப்பது ஒரே வேர்ச்சொல். ஒன்று பாரசீகத்தின் வழியாகவும் முகலாயர் வழக்கின் வழியாகவும் தரை மார்க்கமாக நம்மிடம் வந்தது. மற்றொன்று சிசிலி, பிரான்சு, இங்கிலாந்து ஆகிய நாடுகளைச் சுற்றிக்கொண்டு கப்பலில் வந்தது.

அரபியரோடு போரிட்டும் வாணிகம் செய்தும் பழகிய கிரேக்கரும் இலத்தீன் மொழியாளரும் அமீர் என்ற சொல்லைக் கேட்டனர்; தத்தம் மொழிக்கு ஏற்பத் திரித்து எழுதினர். இலத்தீனில் அது ‘அமிராட்டுஸ்’ என்றாயிற்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்து ஐரோப்பியர் இச்சொல்லைக் கடற்படைத் தலைவருக்காகக் கடன் வாங்கவில்லை. 1100-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரெஞ்சு மொழியில் தோன்றிய ‘ரோலண்டின் பாடல்’ என்னும் வீரகாவியத்தில், பாலிகண்ட் என்ற முஸ்லிம் பேரரசன் வருகிறான். அவனுக்குக் கவிஞர் சூட்டும் பட்டம் இந்தச் சொல்தான். அவன் நிலத்தை ஆள்பவன், நிலத்திலே போரிடுபவன். ஆகவே, 1100-ஐ ஒட்டிய காலம்வரை இச்சொல் பிரெஞ்சிலும் தரைத் தலைவனையே சுட்டியது என்பதற்கு இக்காவியம் சான்றாகிறது.

இனிச் சிசிலிக்குச் செல்வோம். இத்தாலியின் தென்முனைக்கும் ஆப்பிரிக்காவின் வடகரைக்கும் இடையே அமைந்த பெருந்தீவு அது. கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் கப்பலும், தெற்கிலிருந்து வடக்கே செல்லும் கப்பலும் அதன் அருகே கடந்தாக வேண்டும். 827-இல் முஸ்லிம் படைகள் அத்தீவில் இறங்கின. 831-இல் பலெர்மோ நகரைக் கைப்பற்றின. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் அந்நகரில் அமீர்கள் ஆண்டனர். பின்னர் வடக்கேயிருந்து நார்மானியர் வந்தனர். ராபர்ட் கிஸ்கார்டும் அவர் தம்பி ரோஜரும் 1072-இல் பலெர்மோவைப் பிடித்தனர். 1091-க்குள் தீவு முழுவதும் அவர்கள் வசமாயிற்று.

வென்றவர் சிலர், வெல்லப்பட்டவர் பலர். வென்ற நார்மானியருக்கு அந்நாட்டு மக்களின் மொழி தெரியாது, வரிக்கணக்கும் தெரியாது. மக்களோ அரபும் கிரேக்கமும் பேசினர். ஆகவே, நார்மானியர் இருந்த அமைப்பை அழித்துவிடாமல் அதனையே கையாண்டனர். ராபர்ட் கிஸ்கார்ட் பலெர்மோவை நிர்வகிக்க ஓர் அதிகாரியை அமர்த்தியபோது, மக்கள் பழகியிருந்த அமீர் என்ற பட்டத்தையே அவருக்கு அளித்தார். அமீர்களை வென்றவரே தம் அதிகாரிக்கு அமீர் என்று பெயரிட்டார்! ஆட்சியின் பெயரை மாற்றுவது எளிது. ஆட்சியை நடத்துவது அரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

அரசர் இரண்டாம் ரோஜர் காலத்தில் இப்பட்டம் பெருமை பெற்றது. 1130-இல் முடிசூடி 1154-இல் மறைந்த அவருடைய அரசாங்கத்தில் இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மும்மொழிகளிலும் ஆவணங்கள் எழுதப்பட்டன. அல்-இத்ரீசி என்ற அரபுப் பேரறிஞர் அவர் ஆதரவிலே உலகப் பூகோள நூலொன்றை எழுதி, 1154-இல் முடித்தார். அந்த அரசவையின் தலைசிறந்த அதிகாரி அந்தியோக்கியா நகரத்து ஜார்ஜ் என்பவர். அவர் மதத்தால் கிறித்தவர், கிரேக்க வழியினர். இளமையில் வட ஆப்பிரிக்காவின் மஹதியா நகரில் முஸ்லிம் மன்னரிடம் பணி செய்தார். அங்கே அரபு மொழியையும், அரசாங்க வரவு செலவையும், அக்கரையின் துறைமுகங்களையும் நன்கு அறிந்துகொண்டார். பின்னர்ச் சிசிலிக்கு வந்து ரோஜரிடம் சேர்ந்து, ‘அமீர்களுக்கெல்லாம் அமீர்’ என்னும் பட்டத்தைப் பெற்றார்.

ஜார்ஜ் முதலமைச்சரைப் போன்றவர். அரசரின் கப்பற்படையையும் அவரே நடத்தினார். 1146-இல் திரிப்போலியும், 1148-இல் மஹதியாவும் அவர் படைக்கு வசமாயின. தாம் ஒருகாலத்தில் ஊழியம் செய்த நகருக்குள் அவர் வெற்றித் தலைவராக நுழைந்தார். பலெர்மோவில் அவர் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது; அதற்கு ‘அட்மிரலின் தூய மரியாள் கோயில்’ என்றே பெயர். வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த ஓவியமொன்றில், அன்னை மரியாளின் திருவடியில் ஜார்ஜ் பணிந்து கிடப்பதை அங்கே காணலாம். அரபுப் பட்டம் தாங்கிய ஒரு கிரேக்கக் கிறித்தவர், பிரெஞ்சு பேசும் ஓர் அரசருக்காக, இத்தாலியத் தீவொன்றிலிருந்து கடலை ஆண்டார். அப்படியானால் இச்சொல் எந்த இனத்தின் சொத்து என்று நாம் வரையறுப்பது?

ஆயினும் இந்நிலையிலும் அமீர் என்பது கடற்பதவியாக மட்டும் ஆகிவிடவில்லை. ஜார்ஜுக்குப் பின் அதே பட்டம் பெற்றவர் பாரி நகரத்து மாயோ. அவர் எழுத்தராகத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து பேரமைச்சர் ஆனவர். கப்பற்படைத் தலைவர் அல்லர். 1160-இல் எதிரிகள் அவரைக் கொன்றனர். அதன் பிறகு, மெல்ல மெல்லப் பொருள் குறுகியது. நாட்டு நிர்வாகம் வேறு அதிகாரிகளிடம் சென்றது. கப்பல்கள் மட்டும் அமீரிடம் எஞ்சின. 1188-இல் கிறித்தவ நகரங்களுக்குத் துணையாகக் கிழக்கே சென்ற சிசிலியக் கப்பற்படையை நடத்திய பிரிந்திசி நகரத்து மார்கரிட்டஸ் போன்றோர் காலத்தில், அப்பட்டம் கடற்படைத் தலைவர் என்றே மக்கள் மனத்தில் பதிந்தது.

நம் மொழியிலும் இத்தகைய மாற்றத்தைக் காண்கிறோம். ‘பொன்’ என்பது ஒருகாலத்தில் உலோகம் எதனையும் குறித்தது. இன்று தங்கத்தை மட்டுமே குறிக்கிறது. சொல்லின் பொருள் இவ்வாறு குறுகுவதற்குப் பின்னால் பெரும்பாலும் வாழ்க்கையில் நேர்ந்த ஒரு மாற்றம் இருக்கும். சிசிலியின் அமீர் கடலுக்குரியவர் ஆனதற்குக் காரணம், அத்தீவின் வாழ்வும் தாழ்வும் கடலைச் சார்ந்திருந்தமையே.

சிசிலியிலிருந்து இச்சொல் துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. ஜெனோவா வணிகர் அதனை ஏற்றனர். அரகோன் அரசு 1283-இல் லாரியா நகரத்து ரோஜரைத் தன் அட்மிரலாக அமர்த்தியது. கடற்போரில் அவர் பெற்ற வெற்றிகள் புகழ் பெற்றவை. 1270-இல் டூனிசுக்குச் சென்ற சிலுவைப் போர்ப் பயணத்தின்போது பிரான்சுக்கும் ஓர் அட்மிரல் வந்துவிட்டார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் இங்கிலாந்து இச்சொல்லைக் கைக்கொண்டது. வரிசையில் கடைசியாக வந்து நின்ற நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து என்பதை நினைவிற்கொள்ளுங்கள். 1492-இல் கொலம்பஸ் பயணம் புறப்படுமுன் ஸ்பெயின் அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், ‘பெருங்கடலின் அட்மிரல்’ என்ற பட்டத்தைக் கேட்டு வாங்கினார். அதே ஆண்டின் தொடக்கத்திலேதான் ஸ்பெயினில் எஞ்சியிருந்த கிரானடா என்ற முஸ்லிம் அரசு வீழ்ந்தது. அரசு வீழ்ந்தது, அரபுச் சொல்லோ வென்றவரின் கப்பலில் ஏறி அமெரிக்காவுக்குப் பயணமாயிற்று.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. துருக்கியப் பேரரசின் கடற்படைத் தலைவருக்கு அமீர் என்ற பட்டம் வழங்கவில்லை. ‘கப்புதான் பாஷா’ என்று பெயர். கப்புதான் என்பது இத்தாலியர் கப்பல் தலைவரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘காப்டன்’ என்னும் சொல்லுக்கு அது உறவு. இத்தாலியர் தம் எதிரியின் மொழியிலிருந்து அட்மிரலை எடுத்துக்கொள்ள, துருக்கியர் தம் எதிரியின் மொழியிலிருந்து கப்புதானை எடுத்துக்கொண்டனர். இன்றைய துருக்கி மொழியில் ‘அமிரால்’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது பிரெஞ்சிலிருந்து சென்றது. வீட்டை விட்டுப் புறப்பட்ட பிள்ளை பல தலைமுறைக்குப் பின் உறவினர் வாயிலில் அயலானாக வந்து நிற்பதைப் போன்றது இது.

இனி, சொல்லின் வடிவத்தைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். ‘அமீர்’ என்பதில் டகர ஒலி இல்லை. அட்மிரலில் அது எங்கிருந்து வந்தது? இலத்தீனில் ‘வியத்தல்’, ‘போற்றுதல்’ என்னும் பொருளுடைய ‘அட்மிராரி’ என்றொரு சொல் உண்டு. அயல் மொழிச் சொல்லைக் கேட்ட எழுத்தர்கள், தமக்குத் தெரிந்த அச்சொல்லின் சாயலை அதில் ஏற்றிவிட்டனர். போற்றத்தக்கவர் என்று பொருள் கொண்டனர் போலும். பிரெஞ்சு மொழியில் இன்றும் டகரம் இல்லாமலே ‘அமிரால்’ என்கின்றனர். ஆங்கிலக் கவிஞர் மில்டனும் 1667-இல் வெளிவந்த ‘இழந்த சுவர்க்கம்’ என்னும் காவியத்தில் டகரம் இன்றியே எழுதினார். அதுவும் தலைவரைக் குறிக்க அன்று, தலைமைக் கப்பலைக் குறிக்க.

ஈற்றில் உள்ள ‘அல்’ எங்கிருந்து வந்தது? இதற்குப் பலரும் கூறும் விடை ஒன்று உண்டு. அரபில் ‘அமீருல் பஹ்ர்’ என்றால் கடலின் தலைவர். அதில் ‘பஹ்ர்’ என்பது தேய்ந்து மறைய, எஞ்சியதே அட்மிரல் என்பர். கேட்பதற்கு மிக அழகான விடை. பல நூல்களிலும் இதனைக் காணலாம். ஆனால் நாம் இதுவரை பார்த்த சான்றுகளை அதன் எதிரே வைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக் காவியத்தில் இச்சொல் ‘அல்’ போன்ற ஈற்றோடு வருகிறது. ஆனால் அங்கே கடல் இல்லை. சிசிலிய ஆவணங்களில் அமிராட்டுஸ் என்று ‘அல்’ இன்றி வருகிறது. அங்கேதான் கடற்பொருள் தோன்றியது. ஆகவே, கடலைக் குறிக்கும் முழுத்தொடர் ஒன்று அப்படியே ஐரோப்பாவுக்கு வந்து தேய்ந்தது என்பதற்கு இடமில்லை. ‘அமீருல்’ என்று தொடங்கும் பல அரபுப் பட்டங்களைக் கேட்டுப் பழகியதாலோ, இலத்தீன் சொல்லீறுகளின் சாயலாலோ ‘அல்’ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். 1960-இல் மெனாஜர் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் சிசிலிய ஆவணங்களைத் துருவி ஆராய்ந்து, இப்பட்டத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

மாணவர்களாகிய நீங்கள் இதிலிருந்து ஒரு முறையைக் கற்றுக்கொள்ளலாம். சொல்லாராய்ச்சி நம் நாட்டில் பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்கு. ஓர் அயல்மொழிச் சொல்லைக் கேட்ட உடனே, ஒலியில் அதனை ஒத்த தமிழ்ச் சொல்லொன்றைக் காட்டி, இதிலிருந்துதான் அது பிறந்தது என்று கூறிவிடுவோரை நீங்கள் மேடைகளில் கண்டிருப்பீர்கள். மொழிப்பற்று நல்லதே. ஆனால் பற்று சான்றுக்கு ஈடாகாது. ‘அமீர்’ என்பதும், நீதிமன்ற ஊழியரை நாம் வழங்கும் ‘அமீனா’ என்பதும் ஒலியில் நெருங்கியவை. இரண்டும் அரபு வழியில் வந்தவையே. ஆயினும் முன்னதன் வேர் கட்டளை. பின்னதன் வேர் நம்பிக்கை. இரண்டுக்கும் உறவில்லை. ஆதலால், ஒரு சொல்லின் பிறப்பைக் கூறுவோரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலில் அச்சொல் எங்கே, எந்த ஆண்டில் எழுதப்பட்டுள்ளது? அங்கே அதன் பொருள் யாது? ஒரு மொழியினர் மற்றொரு மொழியினரோடு எவ்விடத்தில், எத்தொழிலில் கலந்து பழகினர்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு ஒலி ஒப்புமையைப் பார்க்கலாம். அதற்கு முன் பார்த்தால் அது கற்பனையாகவே முடியும்.

அட்மிரல் என்னும் பட்டத்திலிருந்து ‘அட்மிரால்டி’ என்னும் அதிகார பீடமும் தோன்றியது. இங்கிலாந்தில் தலைமை அட்மிரல் ஒருவரிடம் இருந்த அதிகாரம், 1628-இல் பக்கிங்காம் பிரபு கொலையுண்ட பிறகு ஒரு குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடையிடையே தனி மனிதரிடம் திரும்பினாலும், 1709-க்குப் பின் குழுவின் ஆட்சியே பெரும்பாலும் நிலைத்தது. 1964-இல் அது பாதுகாப்பு அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது. ஒருவருடைய கட்டளை பலர் கூடி எடுக்கும் முடிவாக மாறியதும் அதிகாரத்தின் வரலாற்றில் ஒரு படியே ஆகும்.

அட்மிரலும் கட்டளைக்கு உட்பட்டவரே என்பதை 1757-ஆம் ஆண்டு கடுமையாக உணர்த்தியது. மினோர்க்காத் தீவைக் காக்க இயன்றதனைத்தையும் செய்யவில்லை என்ற குற்றத்துக்காக, அட்மிரல் ஜான் பிங் என்பவரை அவர் நாட்டாரே விசாரித்து, கப்பலின் தளத்திலேயே சுட்டுக் கொன்றனர். அத்தண்டனை மிகையானது என்று அன்றே பலர் வருந்தினர். ஆயினும், கட்டளையிடும் உரிமை பெற்றவர் பதில் சொல்லும் கடமையிலிருந்து தப்ப இயலாது என்ற கருத்து அதில் அடங்கியிருந்தது.

கடலில் நிகழும் வழக்குகளைத் தீர்க்கும் நீதிமன்றத்துக்கும் இச்சொல்லே பெயராயிற்று. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1683-இல் அளித்த சாசனத்தின்படி, 1686-இல் சென்னையில் ஓர் அட்மிரால்டி நீதிமன்றம் நிறுவப்பட்டது. அந்த அதிகாரம் பிற்காலத்தில் உயர் நீதிமன்றத்தை வந்தடைந்தது. ஆங்கிலேயர் காலத்துப் பழைய சட்டங்களை நீக்கி, இந்தியப் பாராளுமன்றம் 2017-இல் புதிய அட்மிரால்டிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி, கடனோ இழப்பீடோ தராத அயல்நாட்டுக் கப்பலைத் துறைமுகத்திலேயே பிடித்து வைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடலாம். பாலைவனத்தில் பிறந்த ஒரு சொல்லின் பெயரால், நம் கடற்கரையில் ஒரு பெருங்கப்பல் நிறுத்தப்படுகிறது!

இறுதியாக ஒன்று. தமிழரும் கடலோடிகளே, நாமும் இவ்வாறு சொற்களைக் கொண்டும் கொடுத்தும் இருக்கிறோம். கப்பலைத் திருப்பும் ‘சுக்கான்’ அரபிலிருந்து வந்தது. ‘மாலுமி’ என்பதும் அரபின் ‘முஅல்லிம்’ என்பதன் திரிபே. முஅல்லிம் என்றால் ஆசிரியர் என்று பொருள். விண்மீனையும் காற்றையும் அறிந்து கப்பலுக்கு வழிகாட்டியவரை அரபியர் அவ்வாறு மதித்து அழைத்தனர். வாழ்நாளெல்லாம் ஆசிரியத் தொழில் செய்த எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதில் வியப்பில்லை. நாம் கொடுத்ததும் உண்டு. நம் மீனவரின் ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தில் புகுந்து உலகமெங்கும் வழங்குகிறது. கொண்டதனால் நாம் தாழ்ந்துவிடவில்லை. கொடுத்ததனால் பிறர் தாழ்ந்துவிடவும் இல்லை.

கடலை ஆண்டதாகப் பெருமை கொண்ட பேரரசுகள் பல இருந்தன. அவற்றின் கொடிகள் இறங்கிவிட்டன. அவை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்ட சொல் மட்டும் இன்னும் வழக்கில் இருக்கிறது. அடுத்த முறை நாளிதழில் அட்மிரல் என்ற சொல்லைக் காணும்போது, பலெர்மோ நகரில் மூன்று மொழிகளில் எழுதிக்கொண்டிருந்த அந்த எழுத்தர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, நல்ல அகராதி ஒன்றை எடுத்து, நீங்கள் நாள்தோறும் பேசும் சொற்களில் ஏதேனும் ஒன்றின் வழியைத் தேடிப் பாருங்கள்.